குறையாத, மேற்படாத: சட்ட ஆங்கிலத்தின் ஒப்பீட்டுச் சொற்களும் தமிழ் மாணவரும்

கேள்வியும் அதன் தேவையும்

சட்டம் பயில்வோருக்கான ஆங்கிலப் பாடங்களில் ஒப்பீட்டுப் படி, அதாவது ஒரு பொருளின் பண்பையோ ஒரு செயலின் தன்மையையோ இன்னொன்றோடு நிறுத்தி ஏற்றத்தாழ்வு சொல்லும் பெயரடை, வினையடை வடிவங்கள், பெரும்பாலும் ஒரே வழியில்தான் கற்பிக்கப்படுகின்றன. பொது இலக்கணப் புத்தகத்தின் வாக்கியத்தை எடுத்துக்கொண்டு, அதிலிருக்கும் பையனையும் மரத்தையும் ஊரையும் நீக்கிவிட்டு, அந்த இடத்தில் ஒப்பந்தம், தண்டனை, சாட்சியம் என்ற சொற்களை அமர்த்தினால் சட்ட ஆங்கிலப் பயிற்சி ஆகிவிடுகிறது. இந்த வழக்கறிஞர் அந்த வழக்கறிஞரைவிட அனுபவம் மிக்கவர், புதிய சட்டம் பழையதைவிடக் கடுமையானது, முதல் சாட்சி இரண்டாம் சாட்சியைவிடத் தெளிவாகப் பேசினார் என்ற வகை வாக்கியங்களை மாணவர் நிரப்புகிறார். 'ஸ்ட்ரிக்ட்' என்பதற்கு 'ஸ்ட்ரிக்டர்' என்றும், 'கிளியர்லி' என்பதற்கு 'மோர் கிளியர்லி' என்றும் எழுதி மதிப்பெண் பெறுகிறார். இப்பயிற்சியால் சொற்கள் பழகும் என்பதில் ஐயமில்லை. ஆனால், சட்ட வாசகத்தில் ஒப்பீடு உண்மையில் செய்யும் வேலையை இப்பயிற்சி தொடுகிறதா என்பது தனிக் கேள்வி. இக்கட்டுரை ஆராய்வது அதைத்தான்.

இக்கேள்வி மொழிப் பாடத்தோடு நின்றுவிடுவதன்று. அரசமைப்புச் சட்டத்தின் 348ஆம் உறுப்பின்படி உச்ச நீதிமன்றத்தின் நடவடிக்கைகளும், அதே உறுப்பு அனுமதிக்கும் விலக்குகளுக்கு உட்பட்டு உயர் நீதிமன்றங்களின் நடவடிக்கைகளும் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும். சட்டங்களின் அதிகாரபூர்வ வாசகமும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டின் கீழமை நீதிமன்றங்களில் தமிழ் இடம்பெற்றிருந்தாலும், அங்கே வாதாடும் வழக்கறிஞர் ஒரு பிரிவின் பொருளில் தகராறு எழும்போது ஆங்கில மூலத்தைத்தான் திறக்க வேண்டியிருக்கிறது. அந்த மூலத்தில் ஓர் ஒப்பீட்டுச் சொல் எந்த எண்ணை உள்ளே வைக்கிறது, எந்த எண்ணை வெளியே தள்ளுகிறது என்பதைப் பொறுத்து ஒருவர் பிணையில் வெளியே வருவதும் சிறையிலேயே இருப்பதும் அமையக்கூடும்.

இலக்கணங்கள் சொல்வது

ஆங்கிலப் பெயரடைகளுக்கு இயல்பு, ஒப்பீடு, உச்சம் என மூன்று படிகள் உண்டு. ஓரசைச் சொற்கள் பெரும்பாலும் 'அர்' என ஒலிக்கும் விகுதியை ஏற்கும். நீண்ட சொற்கள் 'மோர்' என்ற முன்சொல்லை ஏற்கும். 'லி' விகுதி பெற்ற வினையடைகளும் 'மோர்' கொண்டே ஒப்பீடு காட்டும். இரண்டையும் ஒருசேரப் போடுவது, அதாவது 'மோர் ஸ்ட்ரிக்டர்' என்பது, பிழையெனப் பள்ளியிலேயே சொல்லித் தரப்படுகிறது. ஆனால் இப்பிழைக்கு வரலாறு உண்டு. ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் இரட்டை ஒப்பீடு தாராளமாக வருகிறது. 18ஆம் நூற்றாண்டில் மொழியை ஒழுங்குபடுத்த முற்பட்டவர்கள்தான் அதை விலக்கினர். ராபர்ட் லோத் 1762இல் வெளியிட்ட இலக்கணம் இரட்டை ஒப்பீட்டைத் தகாதது என்றது. அதற்கு முன்பே, 1755இல் வந்த அகராதியில் சாமுவேல் ஜான்சன் 'லெஸ்ஸர்' என்ற சொல்லை நாகரிகமற்ற சிதைவு என்று கண்டித்திருந்தார். 'லெஸ்' என்பதே ஒப்பீட்டு வடிவமாக இருக்க, அதன்மேல் இன்னொரு ஒப்பீட்டு விகுதியைப் பாமரர் ஏற்றிவிட்டனர் என்பது அவர் வாதம். கண்டனத்துக்கு உள்ளான அந்தச் சொல் இந்தியச் சட்டம் ஒன்றில் என்ன வேலை செய்கிறது என்பது பின்னர் வரும்.

தமிழ்ப் பெயரடைக்கு இப்படி விகுதியால் மாறும் படிகள் இல்லை. கால்டுவெல் 1856இல் வெளியிட்ட திராவிட ஒப்பிலக்கணத்தில் இதைக் குறித்தார்: இம்மொழிகளில் ஒப்பீடு சொல்லின் உருவத்தால் நிகழ்வதில்லை, தொடரமைப்பால் நிகழ்கிறது. இதிலிருந்து, ஆங்கில ஒப்பீட்டுப் படி தமிழ் மாணவருக்கு இயல்பாகவே கடினம் என்ற முடிவுக்கு வருவது எளிது. ராபர்ட் லேடோ 1957இல் முன்வைத்த முரண்நிலை ஒப்பாய்வும், அதாவது தாய்மொழியும் கற்கும் மொழியும் வேறுபடும் இடங்களில்தான் பிழைகள் விளையும் என்ற கொள்கையும், அம்முடிவுக்குத் துணைபோகும். 'மோர் பெட்டர்' என்று எழுதும் மாணவர் 'இன்னும் நல்லது' என்ற தமிழை மனத்தில் வைத்தே எழுதுகிறார் என்று விளக்கம் தரப்படுகிறது. விளக்கம் பொருத்தமானதுதான், ஆனால் அது பாதி உண்மை. தமிழில் விகுதி இல்லை என்பதைச் சொல்லிவிட்டு, தமிழில் என்ன இருக்கிறது என்பதை அது சொல்லாமல் விடுகிறது.

தமிழ் இலக்கண மரபு ஒப்பீட்டை வேற்றுமையில் வைத்துப் பேசுகிறது. ஐந்தாம் வேற்றுமைக்கு நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என நான்கு பொருள்களை நன்னூல் வகுக்கிறது. தொல்காப்பிய உரையாசிரியர்கள் இவ்வேற்றுமையின் ஒப்பை இரண்டாகப் பிரித்து, இரண்டும் நிகர் என்பதை உவமப்பொரு என்றும், ஒன்று மற்றொன்றை விஞ்சுகிறது என்பதை உறழ்பொரு என்றும் விளக்கினர். 'பாலின் வெளிது' என்றால் பாலைப்போல் வெண்மையானது என்றும் கொள்ளலாம், பாலைவிட வெண்மையானது என்றும் கொள்ளலாம். உருபு ஒன்றே, பொருள் இரண்டு. இந்த இரட்டைத்தன்மையைக் குறை என்று கருத வேண்டியதில்லை. நிகர் எங்கே முடிகிறது, மிகுதி எங்கே தொடங்குகிறது என்பது ஒப்பீட்டில் அடங்கியுள்ள கேள்வி என்பதை மரபு அறிந்திருந்தது என்றே இதைப் படிக்கலாம். எல்லை என்ற பொருளும் அதே உருபில் அடங்குவது இன்னும் கவனத்துக்குரியது. ஓர் இடத்தை நிறுத்தி அதற்கு அப்பால், இப்பால் என்று அளப்பதையும், ஒரு பண்பை நிறுத்தி அதற்கு மேல், கீழ் என்று அளப்பதையும் மரபு ஒரே உருபின்கீழ் கொண்டுவந்திருக்கிறது. இன்றைய வழக்கில் 'விட', 'காட்டிலும்', 'பார்க்கிலும்' என்பவை உறழ்பொருவை ஏற்றுக்கொண்டன. எல்லைப் பொருளை நான்காம் வேற்றுமை உருபு எடுத்துக்கொண்டது. 'சென்னைக்கு வடக்கே', 'பத்து ஆண்டுக்கு மேல்' என்ற இரண்டும் இன்று ஒரே அச்சில் வார்த்த தொடர்கள்.

உறழ்பொரு தன் பழைய உருவத்தில் நீதிமன்றத் தமிழில் இன்றும் வாழ்கிறது என்பதற்கு ஒரு சான்று போதும். பச்சன் சிங் வழக்கில் 1980இல் உச்ச நீதிமன்றத்தின் ஐவர் அமர்வு மரண தண்டனைக்கு வகுத்த அளவுகோலின் ஆங்கிலத் தொடர் உச்சப் படியில், 'ரேரஸ்ட் ஆஃப் ரேர்' என, அமைந்தது. தமிழ் நாளிதழ்களும் வழக்கறிஞர்களும் அதற்கு 'அரிதினும் அரிது' என்ற தொடரைக் கொண்டனர். ஆங்கிலத்தில் அது அரியவற்றுள் மிக அரியது. தமிழில் அது அரியதைவிட அரியது. உச்சப் படியை ஐந்தாம் வேற்றுமையின் ஒப்பீடு ஏற்றுக்கொண்டிருக்கிறது, பொருளிலும் எதுவும் சிந்தவில்லை.

உறைந்துபோன ஒப்பீடுகள்

சட்டச் சொற்களோடு ஒப்பீட்டைப் பயிலும் மாணவர் முதலில் காண வேண்டியது, அவர் நாள்தோறும் வாயில் வைத்திருக்கும் சட்டச் சொற்கள் சிலவே பழைய ஒப்பீட்டு வடிவங்கள் என்பதை. 'மைனர்' என்பது லத்தீனில் சிறியதன் ஒப்பீட்டு வடிவம். 'மேஜர்' பெரியதன் ஒப்பீட்டு வடிவம். 'சீனியர்' மூத்ததன், 'ஜூனியர்' இளையதன் ஒப்பீட்டு வடிவங்கள். ஆங்கிலம் இவற்றை லத்தீனிலிருந்து எடுத்தபோதே ஒப்பிடும் ஆற்றல் பெருமளவு தேய்ந்துவிட்டது. தமிழுக்கு வந்தபோது முற்றிலும் பெயர்ச்சொற்களாகிவிட்டன. 'சீனியர் வரல, ஜூனியர் வாய்தா வாங்கிட்டாரு' என்று நீதிமன்ற வளாகத்தில் சொல்லப்படும்போது யாரைவிட மூத்தவர் என்ற கேள்வி எழுவதே இல்லை. 1875ஆம் ஆண்டின் இந்திய வயதுவந்தோர் சட்டம் 18 வயதை எல்லையாக வைத்த பிறகு, 'மைனர்' என்பவர் எவரையும்விடச் சிறியவர் அல்லர். ஒரு கோட்டுக்கு இப்பால் நிற்பவர், அவ்வளவே. அதே சொல் தமிழில் சொத்தும் சோக்கும் உள்ள இளவட்டத்தையும் குறிக்கத் தொடங்கியது வேறு கதை. பயிற்சிக்கு வேண்டியது ஒன்று: இச்சொற்கள் 'தேன்' என்ற ஆங்கில ஒப்பீட்டு இடைச்சொல்லை ஏற்பதில்லை. 'சீனியர்' என்பதற்குப்பின் 'டு'தான் வரும். இதில் தவறும் மாணவர் மறந்தது விதியை அன்று, சொல்லின் பிறப்பை.

உறைந்தவை எல்லாம் உயிரற்றவை என்றும் சொல்லிவிட முடியாது. 'லோயர் கோர்ட்' என்ற தொடரிலும் ஒப்பீட்டுப் பெயரடை உண்டு, எதைவிடத் தாழ்ந்தது என்ற சொல் மட்டும் இல்லை. மேல்முறையீட்டு வரிசையில் ஓர் இடத்தைக் குறிக்கவே அது பிறந்தது. ஆயினும் தாழ்வு என்ற பொருள் அதில் தங்கியிருக்கிறது என்பதை உச்ச நீதிமன்றமே 2024 பிப்ரவரியில் ஏற்றது. விசாரணை நீதிமன்றங்களை அவ்வாறு குறிப்பிடுவதையும், அவற்றின் ஆவணங்களை அப்பெயரால் அழைப்பதையும் நிறுத்துமாறு அதன் அமர்வு ஒன்று பதிவகத்துக்கு அறிவுறுத்தியது. தமிழில் 'கீழ்க்கோர்ட்' என்ற பேச்சு வழக்கும் 'கீழமை நீதிமன்றம்' என்ற எழுத்து வழக்கும் அதே சுமையைச் சுமக்கின்றன. 'சார்பு நீதிமன்றம்' அதைச் சுமப்பதில்லை.

எதிர்மறையோடு வரும் ஒப்பீடு

பள்ளி ஆங்கிலத்தில் 'டிகிரீஸ் ஆஃப் கம்பாரிசன்' பாடத்தின் உச்சம், ஒரு படியில் உள்ள வாக்கியத்தைப் பொருள் மாறாமல் இன்னொரு படிக்கு மாற்றுவது. ரென்–மார்ட்டின் இலக்கணத்தின் வழியே பல தலைமுறைகளுக்குப் பழகிய இப்பயிற்சி, படிகளெல்லாம் ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளத்தக்கவை என்ற எண்ணத்தையும் கூடவே பழக்கிவிடுகிறது. சட்ட வாசகத்துக்கு அந்த எண்ணத்தோடு வருபவர் முதலில் இடறுவது 'நாட் லெஸ் தேன்' என்ற தொடரில். 'குறைவு அன்று' என்பதை 'அதிகம்' என்று மாற்றினால் பள்ளிப் பழக்கத்துக்கு அது சரியென்றே தோன்றும். சட்டத்தில் அது தவறு. குறைவு அன்று என்பதில் சமமும் அடங்கும், அதிகம் என்பதில் சமம் அடங்காது.

அரசமைப்புச் சட்டத்தின் 326ஆம் உறுப்பு வாக்குரிமையைப் பதினெட்டு வயதுக்குக் 'குறையாத' குடிமக்களுக்கு அளிக்கிறது. 61ஆம் திருத்தத்துக்கு முன் அவ்வயது 21ஆக இருந்தது. இதையே தமிழில் '18 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாக்களிக்கலாம்' என்று எழுதுவோர் உண்டு. '18 வயது நிரம்பியவர்கள்' என்று எழுதுவோரும் உண்டு. முதல் தொடர் எல்லையை வெளியே விடுகிறது; இரண்டாவது எல்லையை உள்ளே வைக்கிறது, அதுவே உறுப்பின் பொருளுக்கு நேரானது. 'நிரம்பிய' என்ற சொல்லில் ஒப்பீடே இல்லை, எதிர்மறையும் இல்லை. ஒரு பாத்திரம் விளிம்புவரை வந்துவிட்டதைச் சொல்லும் வினை அது. ஆங்கிலம் ஓர் எதிர்மறை, ஓர் ஒப்பீட்டுப் பெயரடை, ஓர் இடைச்சொல் என மூன்று சொற்களால் செய்வதை அது ஒற்றை வினையால் செய்கிறது. சட்டத் தமிழில் வழங்கும் 'குறையாத', 'மேற்படாத', 'மிகாத' என்பனவும் இவ்வாறே வினையிலிருந்து பிறந்த எச்சங்கள். ஆங்கிலத்தில் பெயரடையின் வேலையாக இருப்பது தமிழில் வினையின் வேலையாக இருக்கிறது என்ற இந்த இடமாற்றம்தான், பயிற்சி நூல்கள் எடுத்துச் சொல்ல வேண்டியதும் சொல்லாமல் விடுவதும்.

எதிர்மறை ஒப்பீடு எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பதற்கு ராகேஷ் குமார் பால் வழக்கு நல்ல சான்று. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 167(2) பிரிவு, குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யக் காவல்துறைக்கு இரண்டு காலவரம்புகளை வைத்தது. மரண தண்டனை, ஆயுள் தண்டனை, அல்லது பத்து ஆண்டுகளுக்குக் குறையாத சிறைத்தண்டனை விதிக்கத்தக்க குற்றங்களுக்கு 90 நாள். மற்றவற்றுக்கு 60 நாள். அந்நாள்களுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால், கேட்கும் எதிரிக்குப் பிணை உரிமையாகக் கிடைக்கும். வழக்கறிஞர்கள் இதை 'டீஃபால்ட் பெயில்' என்பர். வழக்கில் சம்பந்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டக் குற்றத்துக்குக் குறைந்தபட்சம் நான்கு ஆண்டு, அதிகபட்சம் பத்து ஆண்டு தண்டனை. இது 'பத்து ஆண்டுகளுக்குக் குறையாத' வகையில் சேருமா என்பதே கேள்வி.

மூவர் அமர்வு 2017 ஆகஸ்டில் பிளவுபட்டது. நீதிபதிகள் மதன் லோகுரும் தீபக் குப்தாவும், அத்தொடர் குறைந்தபட்சத் தண்டனையே பத்து ஆண்டாக உள்ள குற்றங்களை மட்டுமே சுட்டும் என்றனர். ஆகவே 60 நாள்தான், எதிரிக்குப் பிணை உண்டு. நீதிபதி பிரஃபுல்ல சந்திர பந்த் மாறுபட்டார். 2001இல் ராஜீவ் சௌத்ரி வழக்கிலும் இதே தொடர் விளக்கம் கேட்டு வந்திருந்தது. அங்கும் பத்து ஆண்டு என்பது தரையையே குறிக்கும் என்றுதான் நீதிமன்றம் கொண்டது. கற்றறிந்த நீதிபதிகள் இருவேறு பொருள் கொள்ளும் தொடரை இலக்கணப் பயிற்சியின் வழியே தீர்த்துவிடலாம் என்று எண்ணுவது பேதைமை. ஆனால் முடிச்சு எந்தச் சொல்லில் விழுந்திருக்கிறது என்பதையாவது பயிற்சி காட்ட முடியும். 'குறையாத' என்ற ஒப்பீட்டில் எவருக்கும் ஐயம் இல்லை. பத்தும் அதற்கு மேலும் என்பதே அதன் பொருள். ஐயம் 'விதிக்கத்தக்க' என்பதில் இருக்கிறது. விதிக்க முடிகிற உச்சம் பத்தைத் தொட்டால் போதுமா, விதித்தே ஆக வேண்டிய தரை பத்தாக இருக்க வேண்டுமா? ஆங்கிலத்தில் 'ஏபிள்' என்ற விகுதி மறைத்ததைத் தமிழில் 'தக்க' என்ற சொல்லும் அப்படியே மறைக்கிறது. மொழிபெயர்ப்பால் முடிச்சு அவிழவில்லை. ஒப்பீடு தெளிவாக இருந்தும் வாக்கியம் தெளிவற்றுப் போகலாம் என்பதை மட்டும் அது காட்டுகிறது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 187(3) பிரிவு, 'குறையாத' என்ற எதிர்மறையை விட்டுவிட்டு 'பத்து ஆண்டு அல்லது அதற்கு மேற்பட்ட' என்ற வடிவைக் கொண்டிருக்கிறது. எண்கணிதத்தில் இரண்டும் ஒன்றே. எதிர்மறை போனதால் படிப்பது எளிதாகியிருக்கிறது. ஆனால் 'தக்க' இருந்த இடத்திலேயே இருக்கிறது.

ஒரு கிலோவும் இருபது கிலோவும்

போதைப்பொருள் வழக்குகளில் ஒப்பீட்டுச் சொல்லின் எடையைத் தராசில் வைத்தே பார்க்கலாம். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் 2001 திருத்தத்துக்குப்பின் பிடிபட்ட அளவை மூன்றாகப் பகுக்கிறது: சிறு அளவு, வணிக அளவு, இரண்டுக்கும் இடைப்பட்டது. சிறு அளவு என்பது மத்திய அரசு அறிவிக்கையில் குறித்த அளவுக்குக் 'குறைவான' எந்த அளவும். வணிக அளவு என்பது குறித்த அளவைவிட 'அதிகமான' எந்த அளவும். கஞ்சாவுக்குக் குறித்த எண்கள் 1 கிலோவும் 20 கிலோவும். சிறு அளவுக்கு ஓராண்டு வரை சிறை. இடைப்பட்டதற்குப் பத்து ஆண்டு வரை. வணிக அளவுக்குப் பத்து ஆண்டுக்குக் குறையாமல் இருபது ஆண்டு வரை. வணிக அளவென்றால் 37ஆம் பிரிவின் கடுமையான பிணை நிபந்தனைகளும் வந்து சேரும்.

சரியாக 20 கிலோ பிடிபட்டால் அது எந்த வகை? நாளிதழ்ப் பேச்சில் 'இருபது கிலோ கஞ்சா' என்றாலே பெரிய வழக்கு. சட்டத்தின் சொல்லைப் பிடித்துக்கொண்டு படித்தால், 20 என்பது 20ஐவிட அதிகம் அன்று. எனவே அது வணிக அளவு ஆகாது, இடைப்பட்டதே. அதேபோல் சரியாக 1 கிலோ என்பது 1 கிலோவுக்குக் குறைவு அன்று. எனவே அது சிறு அளவும் ஆகாது, இடைப்பட்டதே. இரு முனைகளிலும் எல்லை எண் நடுவகைக்குள் விழுகிறது. ஒரு முனையில் அது எதிரிக்குச் சாதகம், மறுமுனையில் பாதகம்; வரைவாளர் இதை எண்ணித்தான் எழுதினாரா என்பதைச் சொல்லிலிருந்து அறிய வழியில்லை. தமிழில் '20 கிலோவுக்கு மேற்பட்ட' என்பது நேரானது. '20 கிலோ மற்றும் அதற்கு மேல்' என்று எழுதும் மொழிபெயர்ப்பாளர் தமக்குத் தெரியாமலேயே ஒருவரின் சிறைக்காலத்தை நீட்டிவிடக்கூடும். அளக்கப்படுவது தூய போதைச்சத்தா, கலவை முழுவதுமா என்ற கேள்விக்கு மைக்கேல் ராஜ் வழக்கில் 2008இல் வந்த விடையை ஹீரா சிங் வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் மாற்றி, கலவையின் முழு எடையே கணக்கு என்றது. எதை எதனோடு ஒப்பிடுவது என்பது முடிவாகாமல் ஒப்பீட்டுச் சொல் மட்டும் துல்லியமாக இருந்து பயனில்லை என்பதையும் அவ்வழக்குகள் காட்டின.

இச்சட்டத்தின் ஆங்கிலத்தில் குறைவானது என்பதற்கு நிற்கும் சொல்தான் ஜான்சன் கண்டித்த 'லெஸ்ஸர்'. அதுவும் 'தேன்' என்ற இடைச்சொல்லோடு நிற்கிறது. ஆங்கில நடைநூல்களின்படி 'லெஸ்ஸர்' பெயர்ச்சொல்லுக்கு முன்னால்தான் வரும், 'லெஸ்ஸர் அஃபென்ஸ்' என்பதுபோல. 'தேன்' வந்தால் 'லெஸ்' போதும். சட்டக்கல்லூரி மாணவர் விடைத்தாளில் இப்படி எழுதினால் சிவப்பு மை விழும். நாடாளுமன்றம் எழுதினால் சட்டமாகிவிடுகிறது. தீர்ப்புகள் அதை எடுத்தாள்கின்றன, வழக்கறிஞர்கள் அதையே பேசுகின்றனர். வழக்கில் உள்ள ஆங்கிலத்தைக் கற்பிப்பதா, இலக்கணத்தின் ஆங்கிலத்தைக் கற்பிப்பதா என்ற தயக்கத்துக்கு இங்கே ஒரே விடைதான் பொருந்தும். மாணவர் இரண்டையும் அறிய வேண்டும்: சட்டத்தை மேற்கோள் காட்டும்போது 'லெஸ்ஸர்', சொந்த வாதத்தை எழுதும்போது 'லெஸ்'.

ஒப்பீடும் நம்பகத்தின் அளவும்

ஒப்பீட்டுச் சொல் சட்டத்தில் தலைகாட்டும் பெரிய களம் மெய்ப்பித்தலின் அளவுகோல். உரிமையியல் வழக்கில் ஒரு நிகழ்வு நடந்திருக்க வாய்ப்பு, நடக்காதிருக்க உள்ள வாய்ப்பைவிடக் கூடுதலாக இருந்தால் போதும். இரண்டும் சமமாக நின்றால் மெய்ப்பிக்கும் சுமை உள்ளவர் தோற்பார். 1947இல் மில்லர் வழக்கில் நீதிபதி டென்னிங் இதை 'மோர் ப்ராபபிள் தேன் நாட்' என்ற தொடரில் வைத்தார். ஒப்பிடப்படும் இரண்டாவது பொருள் இங்கே 'நாட்' என்ற வெற்று எதிர்மறை என்பது தமிழ் மாணவரைத் திகைக்க வைக்கும். 'இல்லை என்பதைவிட ஆம் என்பதற்கே வாய்ப்பு மிகுதி' என்று விரித்தெழுதிய பிறகுதான் அத்தொடரின் எலும்பு தெரியும். இந்தியச் சான்றுச் சட்டம் 1872இல் இதற்கு வேறு வழியை எடுத்தது. 'மெய்ப்பிக்கப்பட்டது' என்பதன் வரையறையில் ஒப்பீட்டுப் படியே இருக்கவில்லை. முன்யோசனையுள்ள ஒருவர் நம்பிச் செயல்படும் அளவுக்கு வாய்ப்புள்ளது என்ற அளவுத்தொடர்தான் இருந்தது. அந்த வரையறையின்மீது உச்ச நீதிமன்றம் 1975இல் தஸ்தானே வழக்கில் வாய்ப்புகளின் மிகுதி என்ற ஒப்பீட்டை ஏற்றிப் படித்தது.

குற்றச்சாட்டு கடுமையாக இருந்தால் சாட்சியமும் வலுவாக இருக்க வேண்டுமா? 1995இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் அவையில் நிக்கல்ஸ் பிரபு இதை ஆங்கிலத்தின் இணை ஒப்பீட்டில், அதாவது 'தி மோர்' என்று தொடங்கி 'தி லெஸ்', 'தி ஸ்ட்ராங்கர்' என்று பின்தொடரும் அமைப்பில், சொன்னார். இந்த அமைப்பில் 'தேன்' இல்லை. இரண்டு ஒப்பீடுகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு நகர்கின்றன. 'எவ்வளவு, அவ்வளவு' என்று இதைத் தமிழாக்குவது வழக்கம். அதைவிடப் பொருத்தமானது தமிழின் அடுக்குத்தொடர்: குற்றச்சாட்டு முற்ற முற்ற, சாட்சியமும் வலுக்க வேண்டும். நிக்கல்ஸின் வாசகத்தைப் பலர் அளவுகோலே உயர்கிறது என்று படித்ததால் குழப்பம் வளர்ந்தது. 2008இல் அதே அவையில் ஹாஃப்மன் பிரபுவும் ஹேல் சீமாட்டியும் அளவுகோல் ஒன்றே, அது நகர்வதில்லை என்று முடித்துவைத்தனர். ஹேல் சீமாட்டி எடுத்துக்காட்டிய விலங்கு வகுப்பறைக்கென்றே பிறந்தது போன்றது. லண்டன் ரீஜன்ட்ஸ் பூங்காவில், நாய்களை உலாவக் கூட்டிவரும் புல்வெளியில் ஒரு விலங்கு தென்பட்டால் அது சிங்கமாக இருப்பதைவிட நாயாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதே பூங்காவின் விலங்குக்காட்சிச் சாலையில், கதவு திறந்துகிடக்கும் சிங்கக் கூண்டுக்குப் பக்கத்தில் தென்பட்டால் கணக்கு மாறிவிடும். ஒப்பீட்டுச் சொல் இரண்டு வாக்கியத்திலும் அதுவேதான். இடம் மாறியதும் நாயும் சிங்கமும் இடம் மாறிக்கொள்கின்றன.

'மோர் லைக்லி' என்பதில் 'லைக்லி' வினையடைபோல் 'லி' விகுதியோடு நின்றாலும் பெயரடையே என்பதையும், 'ஃபர்தர் இன்வெஸ்டிகேஷன்' என்ற தொடரில் ஒப்பீட்டு வடிவம் இருந்தும் பொருள் கூடுதல் என்பதே என்பதையும் மாணவருக்கு இங்கேயே சொல்லிவிடலாம். மேல் புலனாய்வு வேறு, மறு புலனாய்வு வேறு என்று 2012இல் வினய் தியாகி வழக்கு பிரித்தது. முன்னதை நீட்சியாகவும் பின்னதைப் புதிய தொடக்கமாகவும் அது கண்டது.

பயிற்சி எப்படி அமையலாம்

குறிப்பிட்ட துறைக்கான ஆங்கிலம் என்பது அத்துறையின் சொற்களைப் பொது இலக்கணத்தில் தூவுவது அன்று என்பதை ஹட்சின்சனும் வாட்டர்ஸும் 1987லேயே வாதித்தனர். சட்ட வாசகத்தை அதன் வகைமை நோக்கில் ஆராய்ந்த விஜய் பாட்டியாவின் எழுத்துகளும் அத்திசையிலேயே செல்கின்றன. ஒப்பீட்டுப் படியில் இதன் விளைவு தெளிவு. 'அர்' விகுதியா, 'மோர்' என்ற முன்சொல்லா என்ற தேர்வுக்கு ஒரு வகுப்பு போதும். மீதி நேரம் முழுவதும் எல்லைக்கு உரியது. மாணவரிடம் 19.9 கிலோ, 20 கிலோ, 20.1 கிலோ என்ற மூன்று எண்களையும் பிரிவின் வாசகத்தையும் கொடுத்து, எது எங்கே விழும் என்று தமிழில் சொல்லச் செய்த பிறகே ஆங்கிலத்தில் எழுதச் சொல்ல வேண்டும். நன்னூல் எல்லை என்று பெயரிட்ட ஒன்றை அவர் ஏற்கெனவே அறிவார். அந்த அறிவைக் கதவுக்கு வெளியே விட்டுவிட்டு வா என்று சொல்வதால்தான் ஆங்கிலம் அவருக்கு அந்நியமாகிறது.

'விச்செவர் இஸ் மோர்' போன்ற தொடர்களையும் எண்ணோடுதான் பழக்க வேண்டும். பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவு, மரணம் நேர்ந்தால், மாதச் சம்பளத்தின் பாதியை வயதுக்குரிய காரணியால் பெருக்கி வரும் தொகை, அல்லது 2009 திருத்தத்தின்படி 1,20,000 ரூபாய், இவற்றுள் எது அதிகமோ அது என்றது. இதிலும் 'தேன்' இல்லை; ஒப்பிடவேண்டிய இரண்டும் முன்னரே சொல்லப்பட்டுவிட்டன. 'எது அதிகமோ அது' என்ற தமிழ் ஆங்கிலத்தைப் போலவே சுருக்கமாகவும் கூர்மையாகவும் இருக்கிறது என்பதை மாணவர் தாமே கண்டுகொள்வார்.

கடைசியாக, ஒப்பீட்டுப் படியையே கைவிட்டு ஆங்கிலமும் வினைக்கு மாறும் இடங்கள் உண்டு. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் 17ஆம் பிரிவில், ஆண்டுதோறும் தொடரும் குத்தகை, ஆண்டு வாடகை வைத்த குத்தகை ஆகியவற்றோடு, ஓராண்டை 'எக்ஸீட்' செய்யும் காலத்துக்கான குத்தகையையும் கட்டாயப் பதிவுக்கு உட்படுத்துகிறது. 'மேற்படு' என்ற தமிழ் வினைக்கு இதைவிட நெருங்கிய ஆங்கிலம் இல்லை. பன்னிரண்டு மாதம் பன்னிரண்டு மாதத்துக்கு மேற்படாது என்பதால், அந்தத் தொடரை மட்டும் வைத்துப் பார்த்தால், சரியாக ஓராண்டுக்கு எழுதிய வாடகை ஒப்பந்தம் அதில் சிக்காது. ஆயினும் ஊரெங்கும் ஒப்பந்தங்கள் பதினொரு மாதத்துக்கே எழுதப்பட்டு வந்திருக்கின்றன. வாடகைக்குத் தனி விதிகளைக் கொண்டுவந்த தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகும், முத்திரைத்தாளில் அச்சடித்து வைத்த படிவங்களில் அந்தப் பதினொன்று மாறிவிடவில்லை. பன்னிரண்டு உள்ளேயா வெளியேயா என்று வாதிட நேராமல், எல்லையிலிருந்து ஒரு மாதம் தள்ளி நின்றுகொள்வதே பத்திர எழுத்தர் கண்ட வழி. அந்தப் படிவத்தை வகுப்பில் மாணவர் கையில் கொடுத்து, ஏன் பதினொன்று, ஏன் பன்னிரண்டு இல்லை என்று கேட்டால், சட்ட ஆங்கிலத்தின் ஒப்பீட்டுப் பாடத்தை அங்கிருந்தே தொடங்கிவிடலாம்.